ஏற்றம் பார்த்து நின்ற வண்டி

“சாவியத் திருப்பாதீங்கண்ணா, சொல்லிட்டேன்—”

“தள்ளு வேணி, பத்து மணிக்குள்ள கெழங்கு ஆலையில—”

“திருப்புனீங்கன்னா வண்டிக்கு முன்னால படுத்துக்குவேன்!”

“படு! பனி ஈரத்துல நல்லாப் படு!”

அம்சவேணி படுக்கவில்லை. லாரியின் முன் பம்பரில் முதுகைச் சாய்த்து, சால்வையை இறுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணன் ஜீவானந்தம் ஹாரனை அழுத்தினான். மலைமேல் இருந்த தேவனூரின் நாய்கள் எல்லாம் பதிலுக்குக் குரைத்தன.

“மெக்கானிக்கு மொத பஸ்ல வர்றாருங்க. அவரு வர்ற வரைக்கும் இஞ்சின் சில்லுனு இருக்கோணும். மூணு தடவ கீழ சேந்தமங்கலத்துல அவரு பட்டறைக்கே கொண்டுபோய்க் காட்டியாச்சு. அத்தன வளைவும் எறங்கறதுக்குள்ள சூடேறிச் சமத்தாயிருது. காலையில இங்க பத்து நிமிசம் ஒதறுதே, அத அவரு கண்ணால பாத்ததே இல்ல.”

“அவருதான் சொல்லிட்டாரே, வண்டியில ஒண்ணுமில்ல, ஓட்டறவங்க கைக்கோளாறுன்னு.”

“ஆறு வருசமா இதே கைதான். அப்பெல்லாம் ஏன் ஒதறல?”

“எனக்கென்ன தெரியும்? நாளையில இருந்து டிரைவரு குழந்தைசாமி வந்து ஓட்டட்டும். நீ வூட்டு வேலையப் பாரு.”

அதற்காகத்தான் அவள் பம்பரை விட்டு நகரவில்லை. லாரி இருவர் பெயரிலும் இருந்தது. ஆனால் இன்றைக்கும் மெக்கானிக் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால், ஓட்டுகிற இடம் அவளுக்கு இல்லை.

பஸ் வந்தது. குப்புசாமி காதைச் சுற்றி மப்ளரும் கையில் கருவிப் பையுமாக இறங்கினார்.

“ஏனம்மிணி, இந்தக் குளுருல எனக்கே ஸ்டார்ட் ஆவல. என்னைய எதுக்கு மேல ஏத்துன?”

“உங்களுக்கு டீ போட்டு வெச்சிருக்கறன். வண்டிக்கு ஒண்ணும் குடுக்கல. தொட்டுப் பாருங்க.”

அவர் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார். “சரி, போடுங்க.”

ஜீவானந்தம் சாவியைத் திருப்பினான். இஞ்சின் உடனே பிடித்தது. சில நொடிகள் சீராக ஓடியது. பிறகு உதறத் தொடங்கியது. கதவு, கண்ணாடி, பின்னால் கிழங்கு மூட்டைகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. வெள்ளைப் புகை பனியில் கலந்தது.

“அட, ஆமா!” என்றார் குப்புசாமி. “டீசல் பீச்சற நாசில் போயிருக்குது. பம்பக் கழட்டோணும்.”

“நாசில் போயிருந்தா போட்டவுடனே ஒதறாதுங்களா? இது நல்லாப் புடிச்சுட்டு அப்புறமுல்ல மூச்சு முட்டுது. இன்னொண்ணுங்க. போன வாரம் ரெண்டு நாள் எறக்கம் பாத்து நிறுத்துனேன். ரெண்டு காலையும் ஒதறல. குளுரு அதே குளுரு. கையும் இதே கை.”

“எறக்கம் பாத்தா?” அவர் நிமிர்ந்தார். “அப்ப தெனமும் இப்பிடித்தான் மூக்கத் தூக்கிட்டு நிக்குதா?”

முன்பெல்லாம் அப்படி நிறுத்துவதில்லை. பழைய பேட்டரியை நம்ப முடியாமல், உருட்டிக் கிளப்ப வசதியாக இறக்கம் பார்த்தே நிறுத்துவார்கள். ஐப்பசியில் புது பேட்டரி வந்ததும், மூட்டை ஏற்றச் சுலபம் என்று ஜீவானந்தம்தான் திருப்பி நிறுத்தச் சொன்னான்.

“இஞ்சின நிறுத்துங்க.”

குப்புசாமி டீசல் பில்டரின் தலையில் ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினார். டீசல் வரவில்லை. சோப்புத் தண்ணீர் போல நுரை பொங்கியது.

“காத்துப் பூந்திருக்குது. இஞ்சின் மேல, டேங்கு கீழ. எங்கியோ ஓட்டையிருந்தா அது வழியாக் காத்த இழுத்துக்கிட்டு, டீசல் விடியறதுக்குள்ள டேங்குக்கே திரும்பிருது.”

வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது கையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று, கட்டுக்கம்பியோடு.

“டேங்குல இருந்து வர்ற டீசல் ஓஸ்ல இதச் சுத்துனது ஆரு?”

ஜீவானந்தம் உட்கார்ந்தபடியே முன்கண்ணாடியைத் துடைத்தான்.

“ஆருன்னு கேட்டேன்.”

“ஐப்பசியில லேசா வெடிச்சிருந்துச்சு,” என்றான் ஜீவானந்தம். “அவசரத்துக்குக் கட்டுனேன்.”

“நான் சொன்னது செரிதான். கைக்கோளாறுதான். எந்தக் கைன்னுதான் தப்பாச் சொல்லிட்டேன்.”

பையிலிருந்து புது ஓஸ் எடுத்து மாட்டி, நுரை தீரும்வரை கைப்பம்பை அழுத்தினார். அதற்குள் இஞ்சின் மறுபடி சில்லென்று ஆகியிருந்தது. அம்சவேணி அண்ணனை இறங்கச் சொல்லி, தானே ஏறிக் கிளப்பினாள். ஐந்து நிமிடம் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு உதறலும் இல்லை.

“சரி, சரியாயிருச்சு,” என்றான் ஜீவானந்தம். “ஆனா குழந்தைசாமிகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு வருவான்.”

“வரட்டுமுங்க. மூட்ட ஏத்த ஆள் பத்தல.”

“ஏம்புள்ள, நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு…”

“நாலு பேரும் என் வண்டியிலதான் கெழங்கு அனுப்பறாங்க.”

குப்புசாமி சிரிப்பை மப்ளருக்குள் ஒளித்தபடி ஏறி நடுவில் உட்கார்ந்தார். அம்சவேணி கியரைப் போட்டு, கிளட்சில் காலை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“அந்தப் பக்கத்துக் கதவு தொறந்துதான் இருக்குது. சுத்தி வந்து ஏறுங்கண்ணா.”