வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி

கண் மருத்துவமனையில் மாமனாருக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். நாலு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லி, ஒரு கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி அனுப்பினார்கள். புருஷனுக்குப் பகல் ஷிப்ட். செயற்கைப் பல் செய்யும் லேபில் அரை நாள் லீவு போட்டுவிட்டு மருமகள்தான் காரை எடுத்து வந்திருந்தாள். அவள் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்றே பெயர். ரிட்டயர் ஆனபிறகும் வாய் மட்டும் டியூட்டியில் இருந்தது.

மேம்பாலம் இறங்கும் இடத்தில் ஒரு கறுப்பு ஜீப் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே புகுந்தது. அவள் மிதித்த பிரேக்கில் இருவரும் முன்னால் போய் வந்தார்கள். அவள் மூச்சு விடுவதற்குள் மாமனார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, ஓட்டியவனின் அம்மாவையும் சேர்த்து ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

ஜீப் வேகத்தைக் குறைத்தது. அவள் வலது பக்கம் ஒதுங்கினால் அதுவும் வலது பக்கம் வந்தது. காரணமே இல்லாமல் இரண்டு முறை நின்று நின்று போனது. பிறகு பக்கவாட்டில் பின்வாங்கி, அவள் காருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா பண்றான்?"

"பின்னாடியே வரான் மாமா."

"எவ்வளவு பக்கத்துல?"

"நம்பர் பிளேட்டே தெரியல. அவ்வளவு பக்கத்துல."

மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் கண் கூசித் தண்ணீர் கொட்டியது. ஜீப்புக்குள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது. இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அவருக்கே பயமென்றால் நமக்கு என்ன கதி என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுத் தெருவின் திருப்பம் வந்தது. பழக்கத்தில் இண்டிகேட்டரைப் போட்டாள். மாமியார் கதவைத் திறந்துபோட்டுத் தனியாக இருப்பாள் என்று ஞாபகம் வந்ததும் அணைத்துவிட்டு நேராகப் போனாள். வீட்டைக் காட்டிக்கொடுத்தால் அவன் நாளைக்கும் வருவான். அதைச் சொன்னபோது மாமனார் தலையாட்டினார்.

"டிப்போவுக்குப் போம்மா. ஷிப்ட் மாறுற நேரம், ஆளுங்க இருப்பாங்க."

"எனக்கு வழி தெரியாதே மாமா."

"நான் சொல்றேன். நீ ரோட்டை மட்டும் பாரு."

கண் தெரியாமலே வழி சொன்னார். கார் குலுங்கியதும், இது மாவு மில் வேகத்தடை, அடுத்தது வந்தால் வலது பக்கம் என்றார். அந்த அடுத்ததில் அவள் வேகம் குறைத்தபோது ஜீப் பின்னாலிருந்து இடித்தது. லேசான இடிதான். ஆனால் அவள் கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள்.

டிப்போ கேட் திறந்திருந்தது. பஸ் கழுவும் இடம்வரை போய் நிறுத்தி, ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஜீப்பும் உள்ளே வந்தது. இறங்கியவன் ரவுடி மாதிரி இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. கையில் மட்டும் வீல் ஸ்பானர். ஒரே அடியில் பின் கண்ணாடி சிதறி அவள் பிடரியில் விழுந்தது. அவள் பக்க ஜன்னலுக்கு வந்து அவன் மறுபடி ஓங்கியபோது மெக்கானிக்குகளும் டிரைவர்களும் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

அப்போதுதான் ஜீப்பின் பின் சீட்டைப் பார்த்தாள். பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண், ஜூஸ் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் பயமில்லை, ஆச்சரியமும் இல்லை. ஸ்பானரைவிட அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அதிகப் பயம் வந்தது.

போலீஸ் வந்ததும், தன் அம்மாவைத் திட்டினார்கள் என்றான் அவன். மாமனார் மறுக்கவில்லை.

"ஆமா, திட்டினேன். அது என் தப்பு. அதுக்கு என் மருமகளை அடிக்க வருவியா?"

இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது, சமாதானமாகப் போங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். புகார் எழுதும்போது அடித்துத் திருத்தியதில் இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவதில் கையெழுத்துப் போட்டாள். டிப்போக்காரர்கள் நான்கு பேர் சாட்சிக்குப் போட்டார்கள்.

மாமனார் வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒளிக்காமல் மகனிடம் சொன்னார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்று, "உன்னைக் கொல்லப் பார்த்துட்டேனேம்மா" என்றார். அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் வழி சொன்னதும் நீங்கள்தானே என்றாள்.

நாலு மாதம் கழித்து அவனுக்கு அபராதமும், ஆறு மாதம் லைசென்ஸ் ரத்தும் கிடைத்தது. அதற்கு முன்பே அவள் மறுபடி ஓட்ட ஆரம்பித்திருந்தாள். காரை விற்றுவிடலாமா என்று புருஷன் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள். இன்றைக்கும் பின்னால் பெரிய வண்டி ஏதாவது நெருங்கினால், ஓரமாக நிறுத்தி, அது கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்துவிட்டுத்தான் எடுப்பாள். லேபுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் போகிறாள்.