சிமெண்ட் தரைக் கால்

கலியமூர்த்தி பினாங்கிலிருந்து கடலூர் வந்து இறங்கியபோது, அவன் அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் நம்பவில்லை. பந்து விளையாடுகிறவனுக்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா?

கொடுத்தார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் கடலூர்க் கல்லூரி அணிக்காக அவன் கூடைப்பந்து ஆடியதைப் பரங்கிப்பேட்டை வியாபாரி ஒருவர் பார்த்தார். அவருக்குப் பினாங்கில் ஒரு சீன ரப்பர் முதலாளியோடு வியாபாரம் இருந்தது. அந்த முதலாளிக்குக் கூடைப்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தன் சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா என்று பெயர் பண்ணி அவனை வரவழைத்துக்கொண்டார். கிட்டங்கியில் அவனுக்கு ஒரு மேஜையும் இருந்தது. அதன் மேல் அவன் தன் தொப்பியை வைப்பான். காலையில் பயிற்சி, சாயங்காலம் ஆட்டம். அணியோடு ஈப்போ போனான், சிங்கப்பூர் போனான், ஒரு தடவை பாங்காக் கூடப் போனான். எங்கே போனாலும் சிமெண்ட் தரை, மின்சார விளக்கு, டிக்கெட் வாங்கி உட்கார்ந்த கூட்டம். காலில் எந்நேரமும் கான்வாஸ் பூட்ஸ்.

கல்யாணமான கையோடு கப்பலேறியவன் மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் லீவில் வந்திருக்கிறான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. மனைவி அமிர்தம் பழைய கடலூரில் தன் தாய் மாரியம்மாள் வீட்டிலேயே இருந்தாள். வந்த இரண்டாம் நாள், அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "இந்தத் தடவ போனா என்னயும் கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி நீங்களும் போக வேணாம்."

கூட்டிக்கொண்டு போவதற்குக் கலியமூர்த்தி தயார். கிட்டங்கிக்குப் பின்னால் ஓர் அறை தருவதாக முதலாளியும் சொல்லியிருந்தார். மாரியம்மாள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு பர்மாவுக்குப் போனவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே புறப்பட்டார்கள் என்பது வரைக்கும் சேதி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"எம்பொண்ணு கப்பலேற மாட்டா மாப்ள" என்றாள் மாரியம்மாள். "நீங்க இங்கியே ஒரு வேல தேடிக்கங்க. நான் என்ன, வேணாம்னா சொல்றேன்?"

வேலை ஒன்று இருக்கத்தான் இருந்தது. துறைமுகத்தில் வேர்க்கடலையை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று புதிதாகக் கூடைப்பந்து அணி சேர்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். இன்னும் ஓர் ஆளுக்குத்தான் இடம். அந்த ஆளுக்கு ஆபீசில் நிரந்தர வேலையும் உண்டு. கடலூர் அணிக்கும் சிதம்பரம் அணிக்கும் சிதம்பரத்தில் நடக்கப் போகிற ஆட்டத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வதாக மானேஜர் சபாநாயகம் சொல்லியிருந்தார்.

அந்த வேலையின் மேல் இன்னொருவனுக்கும் கண் இருந்தது. அவன் அமிர்தத்தின் தம்பி ராஜாமணி. இண்டர்மீடியட் தேறாமல், தவிட்டு மண்டி ஒன்றில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் மட்டும் சூரன். ஆக, வேலை ஒன்று, அதற்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர். மாரியம்மாள் மகனுக்காகவும் சாமி கும்பிட்டாள், மருமகனுக்காகவும் கும்பிட்டாள். யாருக்கு முதலில் கும்பிட்டாள் என்று அமிர்தம் கேட்கவில்லை.

ஆட்டத்தன்று காலை ரயிலில் ராஜாமணி வாயை மூடவில்லை.

"என்னா மாமா, பூட்ஸுக்குப் பொட்டு வெச்சீங்களா, இல்லியா?"

"ஒனக்கு வேணும்னா நெத்தியில வெச்சி உடறேன் வா மச்சான்."

"வேலய மட்டும் என்கிட்ட உட்டுடுங்க. நீங்க தொரை. ஒங்களுக்கு எதுக்கு மல்லாட்டக் கம்பெனி?"

"ஆடிப் பாத்துப்போம்" என்றான் கலியமூர்த்தி. விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் பரங்கிப்பேட்டை தாண்டிய பிறகு ராஜாமணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

மைதானம் சிதம்பரத்தில் ரயிலடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. செம்மண்ணோடு கிளிஞ்சல் தூள் போட்டு உருளை ஓட்டியிருந்தார்கள். புழுதி அடங்க மதியமே தண்ணீர் தெளித்திருந்தது. சித்திரை வெயிலில் மேல்பக்கம் காய்ந்து, அடியில் ஈரம் நின்றது. ஒன்பது பேர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பூட்ஸ் போட்டவன் கலியமூர்த்தி ஒருவன்தான்.

பந்து கைக்கு வந்ததும் தட்டிக்கொண்டு ஓடினான். பினாங்கில் இடுப்பு வரைக்கும் எழும்பும் பந்து இங்கே முழங்காலோடு நின்றுவிட்டது. குனிந்து எடுத்துத் திரும்பினான். சிமெண்டில் தேய்ந்து வழவழத்துப் போயிருந்த ரப்பர் அடி ஈர மண்ணில் இழுத்துக்கொண்டு போயிற்று. மல்லாந்து விழுந்தான்.

"தொரை தொப்புன்னு விழுந்துட்டாரு டோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

இன்னும் இரண்டு தடவை வழுக்கிற்று. இடைவேளையில் ராஜாமணி பக்கத்தில் வந்தான். "அவுத்துப் போடுங்க மாமா. இது பினாங்கு இல்ல" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

அவிழ்த்துப் போட்டான். கடலூரில் ஆடிய நாளில் அவன் பாதம் மாட்டுத்தோல் மாதிரி இருக்கும். நெருஞ்சி முள் குத்தினால் முள்தான் ஒடியும். அந்தத் தோல் மூன்று வருஷமாகப் பூட்ஸுக்குள் வேர்த்து ஊறி வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது. அவனே அதைக் கவனித்ததில்லை. ஒரு காலை ஊன்றி உடம்பைச் சுழற்றினான். கிளிஞ்சல் தூள் பெருவிரலுக்குக் கீழே இருந்த தோலை அப்படியே வழித்து எடுத்தது. இரண்டாவது சுழற்சியில் அடுத்த காலும் போயிற்று.

அதன் பிறகு அவனால் ஓட முடியவில்லை. நடுவில் ஓரிடம் பார்த்து நின்றுகொண்டான். பேர் பெற்ற ஆள் ஆயிற்றே என்று சிதம்பரத்தார் இரண்டு பேர் அவனையே சுற்றிக்கொண்டு நின்றார்கள். பந்து வந்தால் அவர்கள் தலைக்கு மேலே ராஜாமணிக்குத் தள்ளினான். நின்ற இடத்திலிருந்து செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ராஜாமணி ஓடினான், எம்பினான், போட்டான். கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது.

ஆட்டம் முடிகிற நேரத்தில் கடலூர் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. அவனைச் சுற்றி நின்ற இருவர் உட்பட இரண்டு பக்கத்து ஆட்களும் எதிர்க்கோடியில் மோதிக்கொண்டிருந்தபோது பந்து தெறித்து உருண்டு வந்தது. கலியமூர்த்தி நொண்டி நொண்டி நகர்ந்து சிதம்பரத்தாரின் வளையத்துக்கு நேர் கீழே தனியாக நின்றிருந்தான். பந்தை எடுத்தான். ஒரு எம்பு எம்பினால் போதும். பினாங்கில் கண்ணை மூடிக்கொண்டு போடுவான்.

காலை ஊன்றினான். உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்றது. கால் எழும்பவில்லை. ராஜாமணி ஓடி வருவது தெரிந்தது. பந்தை அவனிடம் கொடுத்தான். ராஜாமணி போட்டான். விசில் ஊதிவிட்டார்கள்.

சபாநாயகம் மைதானத்துக்குள் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ராஜாமணியின் தோளைத் தட்டினார். "திங்கக்கெழம ஆபீசுக்கு வந்துடு" என்றார். பிறகு கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கையில வந்தத மச்சானுக்கு விட்டுக் குடுத்துட்டீங்க. பெரிய மனசு சார் ஒங்களுக்கு."

"இல்லீங்க, எனக்குக் காலு..." என்று கலியமூர்த்தி ஆரம்பித்தான். அதற்குள் ராஜாமணி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். அதற்கு மேல் யார் காதிலும் எதுவும் விழவில்லை. கலியமூர்த்தி காலுறையையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு மெதுவாக ரயிலடிக்கு நடந்தான்.

அவன் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்விட்டது. மாரியம்மாள் மருமகன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். "எம்புள்ளைக்கு வாழ்வு குடுத்தீங்க மாப்ள."

"அப்படி ஒண்ணும் இல்ல அத்த. என்னால ஓட முடியல. அதான்."

"இப்படித்தான் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா ஒங்க கொணம்?"

மறுநாள் காலையில் கிணற்றடியில் அமிர்தம் அவன் காலைப் பார்த்தாள். காலுறை தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வெந்நீர் ஊற்றி நனைத்துப் பிரித்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப, விட்டுக் குடுக்கல."

"இல்ல."

"காலு நல்லா இருந்திருந்தா?"

"நானே போட்டிருப்பேன். வேல எனக்கு வந்திருக்கும். நீ இங்கியே இருந்திருக்கலாம்." பிறகு சொன்னான்: "அத்தகிட்ட இன்னொரு தடவ வெவரமா சொல்லிடறேன். கும்புடறாங்க. கஷ்டமா இருக்கு."

அமிர்தம் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்தாள். "இந்தக் காலு மண்ணுல ஆடற மாதிரி மறுபடி ஆவ எத்தினி நாளாவும்?"

"ஒரு வருஷமாவது வெறுங்காலா திரியணும். அதுவரைக்கும் எவன் வேல குடுப்பான்?"

"பினாங்குல சிமெண்ட்தான?"

"சிமெண்ட்தான்."

"அப்பச் சரி. நீங்க வாயத் தொறக்காதீங்க. சொன்னவரைக்கும் போதும்."

மத்தியானம் மாரியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மருமகன் இலையில் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டாள். "இன்னம் என்னா வேணும், கேளுங்க மாப்ள" என்றாள்.

அமிர்தம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "அவுங்க கேக்க மாட்டாங்கம்மா. நான் கேக்கறேன். தம்பிக்கு வேல குடுத்துட்டு அவுங்க மறுபடி தனியா போறாங்க. போனா எத்தினி வருஷமோ. என்னயும் அனுப்பு."

மாரியம்மாள் கரண்டியோடு நின்றாள். ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். கலியமூர்த்தி இலையைப் பார்த்தான். மாரியம்மாள் பர்மாவுக்குப் போன அண்ணன் பேரை ஒரு தடவை முணுமுணுத்தாள். பிறகு மருமகன் இலையில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"எப்பக் கப்பலு?" என்றாள்.

புறப்படுகிற அன்று அவளே கடைத்தெருவுக்குப் போய் மகளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். அமிர்தம் அதுவரை செருப்புப் போட்டதில்லை. நாகப்பட்டினத்தில் ரயிலைவிட்டு இறங்கி, கப்பல் ஆபீஸ் வரைக்கும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயிலில் தார்ச் சாலை கொதித்தது. பூட்ஸுக்குள் இன்னும் நொண்டிக்கொண்டு பின்னால் வந்த கலியமூர்த்தி கூப்பிட்டான்.

"போட்டுக்கயேன். சுடல?"

"சுடுது. போட்டா ஒங்க காலு மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.