ஞாயிற்றுக்கிழமைக்கு நோன்பு இல்லை

ஊர்வலம் பார்க்கப் பஸ்ஸில் வரும்போதே உனாவுக்குக் கவலை தொடங்கிவிட்டது. வருகிற சனிக்கிழமை அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். ஏழு வயதாகிறது, சாமியாரிடம் போய்ச் சொல்வதற்கு உருப்படியாக ஒரு பாவம்கூட இல்லை.

“தம்பியக் கிள்ளினியே, அதச் சொல்லு,” என்றேன்.

“அது போன வருஷம்ப்பா. அதுவும் அவன்தான் மொதல்ல கடிச்சான்.”

“என்கிட்ட மூட்டை மூட்டையா கெடக்கு. ஒண்ணு எடுத்துக்கிறியா?”

அவள் சிரிக்கவில்லை. “சொந்தமா செஞ்சதுதான் சொல்லணுமாம். டீச்சர் சொன்னாங்க.”

நாலு வயது டெஸ் என் மடியில் உட்கார்ந்து, தலையிலிருந்து கழற்றிய பச்சைத் தொப்பியை மென்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது.

எனக்கு இரண்டும் தெரியும். மார்ட்டி க்ராட்டி என்றால் பஃபலோ நகரின் தென்பகுதியில் யாரும் சொல்வார்கள்: மாவு மில்லில் வேலை, நல்ல மனுஷன், குடிக்காமல் இருந்தால். என் மனைவி கோலீன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனது அந்தக் கடைசி இரண்டு சொல்லால்தான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பல்கூட உதிராமல் அவள் வாசலில் போய் நின்றேன். ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று உனாவின் முன்னால் வாக்குக் கொடுத்தேன். உடனே உனாவும், “அப்ப நான் மிட்டாய் தொடமாட்டேன்,” என்றாள்.

கோலீன் மட்டும் கதவைப் பிடித்தபடியே பேசினாள். “ஒரு தடவ வாடை வந்துச்சு, ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போற பேச்சே கெடையாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. இருபத்தைந்து நாள் தாக்குப்பிடித்தேன். இருபத்தாறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலமாக அமைந்தது.

டெலவேர் அவென்யூவில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் இடம் பிடித்தோம். ஏரிக்காற்று காதை அறுத்தது. பாவாடை கட்டிய பைப் வாத்தியக்காரர்கள் குளிரில் முழங்கால் சிவக்கப் போனார்கள். குடும்பப் பெயர் எழுதிய பதாகைகளுக்குப் பின்னால் பெரியப்பன் சித்தப்பன் எல்லாம் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். தீயணைப்பு வண்டியிலிருந்து மிட்டாய்களை வாரி இறைத்தார்கள். டெஸ் தாளோடு விழுங்கினான். உனா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டாள், ஈஸ்டருக்கு.

அப்போதுதான் என் பழைய மில் தோழன் டோனல் வந்து சேர்ந்தான். கன்னம் ஏற்கெனவே குடியில் சிவந்திருந்தது.

“ஏய் குட்டி, சாப்பிட வேண்டியதுதானே? ஞாயித்துக்கிழமை தவக்காலக் கணக்குலயே வராது. எண்ணிப் பாரு, ஞாயித்தக் கழிச்சாத்தான் நாப்பது நாள் வரும்.”

அது உண்மைதான். எங்கள் ஆட்கள் வேறெந்தக் கணக்கில் தடுமாறினாலும் இதில் தடுமாற மாட்டார்கள்.

“தெரியும்,” என்றாள் உனா. “ஆனா நான் எல்லா நாளும்னு சொல்லிட்டேன்.”

டோனல் என் விலாவில் இடித்தான். “உங்கப்பன் அப்படியா சொன்னான்?”

நானும் எல்லா நாளும் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சின்ன வயதில் படித்த மறைக்கல்வி நன்றாக நினைவுக்கு வந்தது. குடிக்க நினைத்தவனுக்குத் திருச்சபையே சாட்சி சொல்ல வரும்.

“காப்பி வாங்கிட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துர்றேன். தம்பி கையப் புடிச்சுக்க. கம்பத்த விட்டு நகராதே,” என்றேன்.

“ரெண்டு நிமிஷமா?”

“ரெண்டே நிமிஷம்.”

சந்து திரும்பினால் மதுக்கடை. ஒன்று என்று உட்கார்ந்தேன். இரண்டாவதை டோனல் வாங்கினான். வாங்கியவனுக்குத் திருப்பி வாங்கித் தராமல் எழுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. மூன்றாவதில் யாரோ பாட ஆரம்பித்தார்கள், நானும் பாடினேன். இதை எழுதவே கை கூசுகிறது. நான் பாடினேன்.

வெளியே வந்தபோது பைப் சத்தம் இல்லை. தெரு கூட்டும் வண்டி வந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்த நடைபாதையில் அந்தக் கம்பமும் அதனடியில் என் பிள்ளைகளும் மட்டும் நின்றார்கள். டெஸ் கால்சட்டையை நனைத்துவிட்டு விக்கி விக்கி அழுதான். உனா தன் கோட்டைக் கழற்றி அவன் இடுப்பில் சுற்றியிருந்தாள். ஸ்வெட்டரோடு நின்ற அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கை அவன் கையில், இன்னொரு கை கம்பத்தில். ஒரு போலீஸ்காரப் பெண் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா இங்கதான் இருக்காரு,” என்று உனா சொல்வது கேட்டது. “கடையில ரொம்பக் கூட்டம்.”

நான் கிட்டே போனதும் போலீஸ்காரி நிமிர்ந்தாள். மூக்கு ஒரு முறை சுருங்கியது. அவள் பெயர்ப்பட்டையைப் பார்த்தேன், ஐரிஷ் பெயர், எங்கள் ஆள்தான். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உனாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

என் கோட்டை உனாவுக்குப் போர்த்தினேன். “நகரவே இல்லப்பா நாங்க,” என்றாள். எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

பஸ்ஸில் டெஸ் தூங்கிப்போனான். உனா தன் கோட்டுப் பையைத் துழாவி, மிட்டாய்களுக்குள்ளிருந்து ஒரு பெப்பர்மின்ட்டைத் தேடி எடுத்தாள். தாளைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

“வாயில போட்டுக்கப்பா. அம்மா பக்கத்துல வந்து பேசுவாங்க.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் இன்னொன்றையும் பிரித்துக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

வாசலில் கோலீன் முதலில் டெஸ்ஸின் கால்சட்டையைப் பார்த்தாள், பிறகு என்னை.

“ஏன் இப்படி நனைஞ்சிருக்கான்?”

“ஊர்வலத்த விட்டு வரமாட்டேன்னு அடம் புடிச்சாம்மா,” என்றாள் உனா.

கோலீன் அவளையே பார்த்தாள். “அப்பா எங்கயாவது போனாரா?”

“இல்லம்மா. எங்ககூடவேதான் இருந்தாரு. காப்பி குடிச்சாரு.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் வாடை வரும். வாடை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். பெப்பர்மின்ட்டை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.

கோலீனின் முகம் இளகியது. “அடுத்த வாரம் சாப்பாட்டுக்கும் இருந்துட்டுப் போ, மார்ட்டி,” என்று சொல்லிவிட்டு டெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உனா என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். குனியச் சொல்லிச் சைகை காட்டினாள். குனிந்தேன். முத்தம் தரப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பா,” என்று என் காதில் சொன்னாள், “சனிக்கிழமைக்கு எனக்கு ஒண்ணு கெடச்சிருச்சு.”