சர்க்கரைக் கூரை

வீட்டுத் தரகரின் மனைவி, தைலமரத்தில் பூச்சிகள் கட்டிய வீட்டுக்குக் குடிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. ஸ்டவ், இரண்டு தலையணை, ஒரு குடை சகிதம் ஏறியவள், கையோடு ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டாள். பூச்சி ஊருக்குப் புதிது. எந்த மரப்பெட்டியில் ஒளிந்து கடல் தாண்டி வந்ததோ. இலைச்சாற்றை உறிஞ்சி, அதையே வெள்ளைச் சர்க்கரையாகக் கக்கி, கடுகளவுக் கூரை போட்டுக்கொண்டு அதனடியில் காலம் தள்ளும் ஜாதி. இந்த மரத்தில் மட்டும் எல்லாமாகச் சேர்ந்து இரண்டு அறையும் சமையலறையும் வைத்துக் கட்டிவிட்டன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சுவர் நேராக இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். நேராக இருந்தது.

தரகர் வாயிலிருந்து எந்த வீட்டைப் பற்றியும் ஒரு குறை வந்ததில்லை. ஜன்னலில்லாத அறை அவருக்குத் தூசி வராத அறை. தண்டவாளத்தை ஒட்டிய வீடு என்றால் போக்குவரத்து வசதி. சொந்தக் கூரை இருபத்திரண்டு வருடமாகக் கட்டில்மேல் ஒழுகியதை இயற்கைக் குளிர்ச்சி என்றே சாதித்தார். மனைவி கேட்டதெல்லாம் “ஆமா, ஒழுகுது” என்ற இரண்டு வார்த்தை. அது கிடைக்கவில்லை. மரத்தடியில் நின்று அவர் கெஞ்சியபோது கிளையிலிருந்து பதில் வந்தது.

“ஏதாவது ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு குறை சொல்லுங்க. ஏணியை இறக்குறேன்.”

“நல்லா இருக்கற வீட்டுக்கு எப்படிம்மா குறை சொல்றது?”

“அப்ப கீழயே இருங்க. நல்ல காத்தோட்டம்.”

பதினேழு நாள் ஓட்டல் சாப்பாட்டில் தரகர் பாதியாக இளைத்தார். பதினெட்டாம் நாள் பூச்சி அதிகாரி, தெளிப்பானும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். அன்னியப் பூச்சி, யூகலிப்டஸ் மரங்களை மொட்டையடித்துவிடும், உடனே மருந்தடிக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டே அண்ணாந்தவர் கண்ணில், வெயிலில் பளபளக்கும் சுவர் பட்டது. எட்டு வருடமாக மச்சினன் வீட்டு மாடியில் ஒண்டியிருப்பவர். குரல் தணிந்துவிட்டது.

“பக்கத்து மரத்துலயும் ஒண்ணு கிளம்புதே, அது காலியா?”

கிழக்கு வாசல், மாசில்லாத காற்று, தைல வாசனை இலவசம், ஆயுசுக்கும் சளி பிடிக்காது என்று எல்லாம் தரகரின் உதடுவரை வந்துவிட்டன. சொன்னால் மருந்து நிற்கும். குறை சொன்னால் அதிகாரி மனம் மாறி மருந்தடித்துவிடுவார். வீடு போகும், உள்ளே இருப்பவள் என்ன ஆவாளோ. மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

“மழை பெஞ்சா கரையும் சார். எறும்பு வரும்.” ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். “எங்க பழைய வீடும் ஒழுகும். இருபத்திரண்டு வருஷமா ஒழுகுது.”

ஏணி இறங்கியது. தரகர் பழைய கட்டிலோடு மேலே ஏறினார்.

மச்சினன் வீட்டுக்கு எறும்பே மேல் என்று அதிகாரியும் அடுத்த மாதமே பக்கத்து மரத்துக்குக் குடிவந்தார். ‘பூச்சி காணப்பட்டது, கட்டுமானம் திருப்தி’ என்று அறிக்கை அனுப்பினார். மழைக்காலத்தில் கூரை கரைந்து கட்டில்மேல் சொட்டும். தரகர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “ஒழுகுது” என்பார். “ஆமா, இனிக்குது” என்பாள் மனைவி. வெயில் வந்ததும் பூச்சிகள் வந்து பூசிவிட்டுப் போகும்.