நான் தோளில் சுமந்த சக்கரவர்த்தி

சீனாவின் மிங் வம்சம் முழுவதும் ஒருமுறை என் வலது தோளில்தான் நின்றது. அன்றைக்கு நான் தும்மியிருந்தால் சரித்திரப் புத்தகங்களைத் திருத்தி அச்சடித்திருப்பார்கள்.

இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். மனைவி மெற்றில்டா குசினிக்குள் போய்விடுவாள். அவளுடைய அண்ணன் யாக்கோப்பு மட்டும் சிரித்ததே இல்லை. அவன் லண்டன் வால்தம்ஸ்டோத் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்தின் செயலாளர். சிரிப்பதற்குச் சங்க யாப்பு விதிகளில் இடமில்லை.

நடந்தது 1986ஆம் ஆண்டு, மாசி மாதம். அப்போது நான் சோஹோவில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நாளுக்கு ஒன்பதாயிரம் கோப்பை. அடக்கமாகத்தான் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை தலைமைச் சமையற்காரர் வந்து, சினிமாப் படம் ஒன்றுக்குப் படைவீரர் தேவை என்றார். லண்டனிலுள்ள சீனப் பரிசாரகர்கள் எல்லாரையும் சேர்த்தும் ஆள் போதவில்லையாம். மூக்குவரை மறைக்கிற இரும்புத் தொப்பி. உள்ளே யார் இருந்தால் என்ன? அக்கம்பக்கத்து உணவகங்களில் கோப்பை கழுவிய எட்டுத் தமிழர் அப்படித்தான் சீன ராணுவத்தில் சேர்ந்தோம். ஆறு பேர் மன்னார், இரண்டு பேர் பாசையூர்.

படத்தின் பெயர் ‘ஏழு மதில்களின் அரசன்’. அரசனாக நடித்தவர் வில்பிரட் ஃபாங். ஐம்பது வயது. இருபத்தைந்து வருடமாக ஆங்கிலத் தொலைக்காட்சியில் சலவைக்காரராகவும் பரிசாரகராகவும் ஒற்றராகவும் வந்து போனவர். எந்தக் கதையிலும் ஏழு நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. கேட்ட பெரிய நடிகர்கள் எல்லாரும் மறுத்த பிறகுதான் கிரீடம் அவர் தலைக்கு வந்தது.

வந்தும் பொருந்தவில்லை. “அரசன் மாதிரி இல்லை, இப்ப வந்து பில்லை வைக்கப்போற ஆள் மாதிரி இருக்கிறார்” என்று இயக்குநர் சொன்னதாகச் சமையற்காரர் எங்களுக்குச் சொன்னார். ஹொங்கொங்கிலிருந்து வேறு நடிகர் ஒருவர் விமானம் ஏறிவிட்டாராம்.

அன்றைக்குப் பல்லக்குக் காட்சி. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து கூட்டி வந்த எட்டுத் தடியர்கள் ஃபாங்கை இரண்டு தரம் விழுத்தினார்கள். சமையற்காரர் எங்களைக் காட்டினார். பதினைந்து வயதிலிருந்து திருவிழாவுக்கு மாதா சொரூபம் வைத்த கூடு தூக்கிய தோள்கள். அந்தப் பல்லக்கு நான்கு யானைக் கனம். ஆனால் அதற்குள் தண்ணீர்க் கோப்பை வைத்திருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தியிராது.

அரண்மனை வாசலுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவ்வளவுதான் கட்டளை. வாசல் வந்தது. எங்கள் ஊரில் கோயில் வாசலுக்கு வந்தால் மாதாவை நேரே உள்ளே கொண்டுபோவதில்லை. சனத்தின் பக்கம் திருப்பி, மூன்று தரம் தாழ்த்தி உயர்த்திய பிறகுதான் உள்ளே. பதினாறு கால்களும் தாமாகத் திரும்பின.

முதல் தாழ்த்தலில் ஃபாங் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதில் கண்ணில் நீர் முட்டியது. “தயவுசெய்து, தயவுசெய்து” என்று அவர் ஆங்கிலத்தில் கெஞ்சியது எனக்கு மட்டும் கேட்டது. மூன்றாவதில், இனி விழமாட்டோம் என்று தெரிந்துகொண்டார் போலும். கையை எடுத்து, கீழே நின்ற பத்தாயிரம் பேரையும் மெதுவாக ஒருதரம் பார்த்தார். நூற்றிருபது பேர் என்று யாக்கோப்பு சொல்வான். பின்வரிசை மட்டைப் பொம்மைகளையும் எண்ண வேண்டும். தன் குடிகளை இனிக் காணமாட்டேன் என்று அறிந்த அரசனுடைய பார்வை அது. இயக்குநர் அழுதார். ஹொங்கொங் நடிகர் வந்த விமானத்திலேயே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு ஃபாங் மூன்று அரசர், ஒரு நீதிபதி, ஒரு கடவுள். ஒரு படத்திலும் பில் கொண்டுவரவில்லை. ஆனால் பேட்டி ஒன்றில், அந்தத் திரும்புதல் தனக்குக் கனவில் வந்தது என்று சொல்லிவிட்டார். யாக்கோப்பு அந்தப் பத்திரிகைத் துண்டோடு வந்தான்.

“கனவிலை வந்ததாம். வாசி, கஸ்பர்.”

“கனவிலை வந்ததே நாங்கள் எட்டுப் பேர்தான், மச்சான்.”

“மற்ற ஏழு பேரும் எங்கை?”

“மூண்டு பேர் கனடா, இரண்டு பேர் ஜெர்மனி, ஒராள் நோர்வே, ஒராள் பிரான்ஸ்.”

“உன்ரை சாட்சி எல்லாம் கடலுக்கு அங்காலைதான்.”

சங்கத்தின் 1992 ஆவணித் திருவிழாவுக்குக் கூடு தூக்குகிறவர்களின் பட்டியல் வந்தது. முன் இடது தண்டு எப்போதும் என்னுடையது. வலக்கை தண்டைப் பிடித்திருக்கும். பாரம் தோளில் ஏறிய பிறகுதான் எனக்குக் கடவுள் நினைவு வரும். ஆகவே இடக்கையால் சிலுவை போடுவேன். “இடக்கையாலை போடுறாய், சாத்தானே” என்று பின்னால் நிற்கும் யாக்கோப்பு வருடாவருடம் என் பிடரியில் முணுமுணுப்பான். அந்த வருடம் பட்டியலில் என் பெயர் இல்லை.

“பொய் சொல்லுறவன்ரை தோளிலை மாதாவை ஏத்த ஏலாது” என்றான். “கூட்டத்திலை எழும்பி, சீன அரசனை நான் தூக்கேல்லை எண்டு ஒரு வசனம் சொல்லு. இப்பவே பேர் போடுறன்.”

“சொல்லமாட்டன்.”

யானையைக் கூட்டுவேன், சனத்தைக் கூட்டுவேன், கோப்பையைக் கூட்டுவேன். தூக்கவே இல்லை என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இரண்டு கிழமை வலது தோள் சும்மா கிடந்து அரித்தது.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மெற்றில்டா எங்கிருந்தோ அந்தப் படத்தின் வீடியோவை எடுத்து வந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் தமையன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். மூன்றேகால் மணித்தியாலப் படம். யாக்கோப்பு அதுவரை பார்த்ததில்லை.

பல்லக்கு எழுந்தது. எட்டுத் தொப்பிகள், எட்டு மூக்குநுனிகள்.

“உதிலை ஆர் நீ? எல்லாம் ஒரே தொப்பி” என்றான் யாக்கோப்பு. “ஆரைக் காட்டினாலும்...”

நிறுத்தினான். ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினான். பிறகும் ஓட்டினான். திரையில், முன் இடது தண்டுக்குக் கீழே, மிங் வம்சத்துப் போர்வீரன் ஒருவன் பாரம் ஏறியதும் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். பிறகு நெஞ்சுக்கு. பிறகு இரண்டு தோளுக்கும். கடைசியில் விரலை முத்தமிட்டான்.

அப்படிச் செய்தது எனக்கே நினைவில்லை.

யாக்கோப்பு பட்டியலை எடுத்து, முதல் பெயரை வெட்டி என் பெயரை எழுதினான்.

“எழுதினால் காணாது. வாய் திறந்து சொல்லுங்கோ அண்ணை” என்றாள் மெற்றில்டா.

அவன் திரையில் உறைந்து நின்ற வீரனை இன்னொருதரம் பார்த்தான்.

“ஓம், நடந்ததுதான். இவன்தான் தூக்கியிருக்கிறான்” என்றான். “அங்கை போயும் இடக்கையாலை.”