ஒன்றுமே செய்யாத பாத்தி

சுரங்கத்தில் எடுக்க இனி எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் கம்பெனிக்குப் பச்சை நிறத்தின் மேல் ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, சட்டம். தோண்டிக் கொட்டிய கழிவு மண் மேட்டில் செடி கொடி முளைத்தால்தான் அரசாங்கம் கம்பெனியைப் போக விடும். மேட்டைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஏக்கர், ஆனாலும் அதற்குப் பெயர் பாத்தி. ஒன்றில் நார்ப் பாய் விரித்தார்கள், ஒன்றில் உரம் கொட்டினார்கள், இன்னொன்றில் சொட்டு நீர்க் குழாய் போட்டார்கள்.

வாசல் காவலாளிக்கு ஒரே ஒரு வேலை. ஆடு மாடு உள்ளே வரக் கூடாது. அதற்காக வாசலை ஒட்டி இரண்டு அறை வீடும் கொடுத்திருந்தார்கள். மாலை ஆறு மணி ஆனால் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: 'இன்று கால்நடை எதுவும் நுழையவில்லை.' அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. இரண்டு வருடம் எழுதியதில், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாலும் கை அதை எழுதிவிடும்.

போன கோடையில் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், நாற்பது ஆடு வைத்திருப்பவர். காற்றில் கொட்டகைக் கூரை பறந்துவிட்டதாம், நாலே நாள் ஆடுகளை உள்ளே அடைத்துக்கொள்கிறேன் என்றார். முடியவே முடியாது என்றார் காவலாளி. எங்கண்ணன் என்ன யானையா ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் ஒரு விஷயம் முடிவாவது அப்படித்தான்.

மேட்டுக்குப் பின்புறம் ஒன்பதாம் பாத்தி இருந்தது. அதில் பாய் இல்லை, குழாய் இல்லை, ஒரு பலகைகூட இல்லை. கம்பெனி கைகழுவிய இடம் போலிருக்கிறது, இதில் ஆடு நின்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று காவலாளி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அங்கேயே ஆடுகளை அடைத்துக் கிடை போட்டார்கள். நாலு நாள் என்பது இரண்டு மாதமாயிற்று. மச்சான் ஆற்றோரம் அறுத்த காய்ந்த புல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார். ஆடுகள் பாதியைத் தின்றன, பாதியை மிதித்தன, எல்லாவற்றின் மேலும் புழுக்கை போட்டன. காவலாளி ஆறு மணிக்கு, ஆடு கத்துவது காதில் விழ விழ, 'நுழையவில்லை' என்று எழுதினார்.

கொட்டகைக்குக் கூரை ஏறியது, ஆடுகள் போயின, மழை பெய்தது. பதினொரு பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு புல். ஒன்பதில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல்லும், ஊடே பெயர் தெரியாத மஞ்சள் பூவும்.

வருடத்துக்கு ஒரு தடவை அளக்க வரும் மண் ஆராய்ச்சி அம்மாளுக்கு அங்கே மண் டாக்டர் என்று பெயர். அவர் ஒன்பதாம் பாத்தியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புல்லடியில் உருண்டையாக எதையோ பொறுக்கி, இது என்ன என்றார். பக்கத்தில் நின்ற காவலாளி முந்திக்கொண்டார்.

"முயல்மா."

"இவ்வளவா?"

"நெறைய முயல்."

அவர் குறித்துக்கொண்டார். வனவிலங்கு திரும்பி வருவது நல்ல அறிகுறியாம். அதோடு விட்டாரா? சந்தோஷத்தில் விளக்கமும் சொன்னார். ஒன்பது என்பது, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றே எதுவும் செய்யாமல் விட்ட பாத்தி. அதுவே முதலிடம் என்றால், இந்த மேட்டுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதே நல்லது. அப்படித்தான் அறிக்கை போகப்போகிறது.

கம்பெனி மேலாளருக்கு இதைவிட இனிப்பான செய்தி எது? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கையெழுத்து, மறுநாளே, மேட்டுக்குக் கன்று வளர்க்கும் நாற்றங்கால் மூடல் என்று பேச்சு வந்துவிட்டது. நாற்றங்காலில் வேலை பார்ப்பது முப்பது பெண்கள். அதில் ஒருத்தி காவலாளியின் மனைவி. மேட்டுப் புழுதி எப்போதும்போல் ஊர் மேல் பறந்துகொண்டிருக்கும்.

மூன்று நாள் காவலாளிக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். வியாழன் மதியம் நாற்றங்காலுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் நாற்றுப் பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சொல்லிடுங்க. வீடு போனா வேற வீடு. ரெண்டு வருஷமா இந்த மண்ணோட மாரடிக்கிறேன். ஒண்ணும் செய்யாம இருந்திருந்தாலே நல்லா வந்திருக்கும்னு என் மூஞ்சிக்கு நேரா எழுதிட்டுப் போவாங்களா?"

அப்புறம்தான் அழுதாள். அண்ணனை உள்ளே விடச் சொன்னதே நான்தானே என்று, மண் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காவலாளி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்ட அறைக்குள் போனார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"அது ஒண்ணும் செய்யாத எடம் இல்லம்மா," என்றார் மண் டாக்டரிடம். "ரெண்டு மாசம் என் மச்சான் கிடை போட்ட எடம். முயலெல்லாம் கிடையாது."

மேலாளர் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். நுழையவில்லை, நுழையவில்லை, நுழையவில்லை. "அப்ப இது?"

"பொய் சார். நான்தான் எழுதினேன்."

மண் டாக்டர் முயல் என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, எத்தனை ஆடு, எத்தனை நாள், என்ன புல் என்று ஒரு மணி நேரம் கேட்டார். அதற்குள் மேலாளர் வேலைநீக்க உத்தரவை டைப் அடித்து எடுத்து வந்துவிட்டார்.

நாற்றங்காலை மூடவில்லை. மீதிப் பாத்திகளில் முறை வைத்துக் கிடை போட மச்சானையே அமர்த்தினார்கள். கிடை நகர்ந்த இடத்தில் பெண்கள் கன்று நட வேண்டும். காவலாளி சாமான்களை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறைக்குப் போனார். மச்சானுக்கு மனசு கேட்கவில்லை, ஒண்டியாக எத்தனையைப் பார்ப்பேன், கூட வா மாப்பிள்ளை என்றார்.

இப்படியாக, எதை உள்ளே விடாமலிருக்கச் சம்பளம் வாங்கினாரோ அதையே ஓட்டிக்கொண்டு, ஒரு மாலை ஆறு மணிக்கு அதே வாசலில் வந்து நின்றார். புதுக் காவலாளி முன்பு சுரங்கத்தில் கிரேன் ஓட்டியவர். கதவைத் திறந்துவிட்டார், ஒவ்வொன்றாக எண்ணினார். குட்டி இரண்டு சேர்ந்து நாற்பத்திரண்டு. பிறகு நோட்டை எடுத்து எழுதினார். பழைய காவலாளி எட்டிப் பார்த்தார். 'இன்று கால்நடை எதுவும் நுழையவில்லை.'

"என்னண்ணே இது?"

"மேல இருக்கிற மாதிரியே எழுதுன்னு சொன்னாங்க."

மேலே இருந்தது முத்து முத்தான கையெழுத்து, பக்கம் பக்கமாக. கூட்ட அறையில்கூட அவருக்கு இவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கினார். அந்த வரியை அடித்துவிட்டு, கீழே 'நாற்பத்திரண்டு ஆடுகள் நுழைந்தன' என்று எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஆடுகள் அதற்குள் மேட்டில் பாதி தூரம் ஏறியிருந்தன. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவற்றின் பின்னால் ஓடினார்.