அடிப்பலகைக்குக் கீழே

அள்ளினாள், ஊற்றினாள், மறுபடி அள்ளினாள். படகுக்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கை நிக்கக் கூடாது" என்றார் சித்தப்பா, பின்பக்கத்தில் இன்னொரு வாளியோடு. "விளிம்பு முங்குச்சுன்னா முடிஞ்சுது. அடியில தொங்கற கனம் நேரா தரைக்கு இழுத்துட்டுப் போயிரும்."

வீட்டுக் கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தது. விடியற்காலையில் போன உயிர். மாலையில் எடுப்பதாகப் பேச்சு. வந்தவர்களுக்கு அவள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் படகுத்துறைக் காவலாளியின் போன். தார்ப்பாய் கிழிந்து, பெய்த மழை மொத்தமும் படகுக்குள்.

அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "போ. அதையும் இன்னிக்கே அனுப்ப வேண்டாம்."

அந்தத் துறையின் பந்தயப் படகுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே நீளம், ஒரே பாய், படகுக்கு மூன்று பேர். சுக்கானில் அப்பா, பெரிய பாயில் சித்தப்பா, முன்னால் அவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எல்லாப் பந்தயத்திலும் கடைசி. மிஞ்சிப்போனால் கடைசிக்கு முந்தி. துறையில் அந்தப் படகுக்கு வைத்த பெயர் குண்டம்மா.

ஒரு பரிசளிப்பின்போது நாலு பேர் காதில் விழ அவள் கேட்டாள்: "எல்லாம் ஒரே அச்சுதானேப்பா? அப்போ தோக்கறது யாரால? ஓட்டறவராலதானே?"

அப்பா சிரித்தார். அவள் வேறொருவர் படகில் ஏறிக் கோப்பை வாங்கியபோது முதல் ஆளாகக் கைதட்டினார். பந்தயத்துக்கு வருவதை மட்டும் விட்டுவிட்டார். சாயங்காலத்தில் தம்பியோடு சும்மா ஒரு சுற்று, அவ்வளவுதான். குண்டம்மாவில் அவள் மறுபடி கால் வைத்தது இன்றுதான்.

ஒரு அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது.

"வாளியைக் கீழ போடும்மா. நீ உக்கார்ற இடத்துல அடிப்பலகையைத் தூக்கு. கீழ ஈயம் இருக்கு. எல்லாத்தையும் துறைமேல எடுத்து வை."

"ஈயமா? அது படகோட அடிக்கட்டையில இல்ல இருக்கும்?"

"இது வேற."

பலகை பிடிவாதம் பிடித்துத்தான் கழன்று வந்தது. கீழே ஈயக்கட்டிகள். உரசிச் சத்தம் வராமல் ஒவ்வொன்றும் துணியில் சுற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். தூக்கித் தூக்கித் துறையில் வைக்க வைக்க, படகின் விளிம்பு தண்ணீரை விட்டு மெல்ல மேலே வந்தது. இனி முழுகாது.

"இவ்வளவு கனத்தோடயா ஓட்டினாரு? எடை பாக்கறவங்க கேக்கலையா?"

"குறைஞ்சாத்தான் கேப்பாங்க. கூட ஏத்திக்கிட்டுத் தோக்கறவனை எவன் கேக்கறான்?"

"எதுக்கு சித்தப்பா?"

"நீ முதல்ல ஏறின அன்னிக்கு, படகு சாஞ்சதும் கத்தினியே ஒரு கத்து. அடுத்த வாரமே போட்டுட்டாரு. அவ்வளவா சாயாதுன்னு."

கையில் கடைசிக் கட்டி. சுற்றியிருந்த துணியில் மஞ்சள் பூக்கள். சின்ன வயதில் போட்ட அந்தக் கவுன் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"நான் போனப்புறமாவது எடுத்திருக்கலாமே."

சித்தப்பா வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கேட்டேன். அவ திரும்பி வந்து ஏறினா பயந்துக்குவான்னாரு."

அவள் அந்தக் கட்டியைத் துறையில் வைக்கவில்லை. அவிழ்ந்த துணியை இழுத்து முடிந்து, எடுத்த இடத்திலேயே வைத்துப் பலகையை மூடினாள்.